போஸ்ட்கிரெஸ் கிளையன்ட் இணைய மறுக்கிறதா? எந்த எரருக்கு எந்த செட்டிங்கைப் பார்ப்பது

சர்வர் மாற்றும்போதும், சர்டிஃபிகேட் புதுப்பிக்கும்போதும், ஆடிட்காரர்கள் வந்து எல்லா இணைப்பும் என்கிரிப்ட் ஆகவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போன மறுநாளும் ஒரே மாதிரியான புகார்கள்தான் வரும். நேற்றுவரை வேலை செய்தது, இன்றைக்கு டேட்டாபேஸ் கனெக்ட் ஆகவில்லை, யாரும் எதையும் தொடவில்லை. திரும்பத் திரும்பச் சரிசெய்து கொடுத்த கோளாறுகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன். இது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் கிளையன்ட் பக்கத்துப் பாதுகாப்பு செட்டிங்குகளைப் பற்றியது. பிஎஸ்க்யூஎல் (கமாண்ட் லைன் கிளையன்ட்), பிஜிஅட்மின், பைதான் நிரல்கள் என்று லிப்பிக்யூ என்ற போஸ்ட்கிரெஸ் இணைப்பு நூலகத்தை நம்பி ஓடுகிற எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஜாவா மட்டும் தனி வழி, அதை வரும் இடத்தில் சொல்கிறேன்.

ஒரு வேண்டுகோள். எரர் வந்ததும், இணைப்பை என்கிரிப்ட் செய்வதா, சர்வரைச் சரிபார்ப்பதா என்று முடிவு செய்கிற எஸ்எஸ்எல்மோட் என்ற செட்டிங்கை டிசேபிள் என்றோ ரிக்வயர் என்றோ இறக்கிவிட்டால் எரர் போய்விடும், எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்த எரர்தான் எதிர்முனையில் இருப்பது உங்கள் சர்வர்தானா என்று கேட்டுக்கொண்டிருந்தது. கீழே உள்ள எந்த அறிகுறிக்கும் மருந்து மோடை இறக்குவது அல்ல. சோதனைக்காக ஐந்து நிமிடம் இறக்கிப் பார்க்கலாம், பார்த்ததும் ஏற்றிவிட வேண்டும்.

## கை வைக்கும் முன்

மாற்றப்போகும் ஃபைலை அதே ஃபோல்டரில் தேதி போட்ட பெயரில் ஒரு நகல் எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வரியை மாற்றிச் சோதியுங்கள். சோதனையை ஆப்பில் செய்யாமல் பிஎஸ்க்யூஎல்லில் செய்யுங்கள், ஆப் பாதி எரரை விழுங்கிவிடும், பிஎஸ்க்யூஎல் முழுதாகக் கக்கும். எரர் ஒன்றுக்கு மேற்பட்ட வரியாக வந்தால் எல்லாவற்றையும் படியுங்கள். ஏன் என்பது பிஜி_ஹெச்பிஏ (யார் எங்கிருந்து இணையலாம் என்று சர்வரில் எழுதி வைக்கும் ஃபைல்) பகுதியில் தெரியும்.

## அறிகுறி: ஃபைலை மாற்றியாகிவிட்டது, ஆனால் எதுவும் எடுபடவில்லை

எரர் மாறவே மாட்டேன் என்கிறது, நீங்கள் எழுதியதை யாரும் படித்த மாதிரியே தெரியவில்லை. பெரும்பாலும் உண்மையிலேயே யாரும் படிக்கவில்லை.

ஃபைல் பெயர். விண்டோஸில் நோட்பேடில் சேமித்தால் ரூட்.சிஆர்டி (சர்வரைச் சரிபார்க்க நாம் நம்பும் ரூட் சர்டிஃபிகேட் இருக்கும் ஃபைல்) என்பது ரூட்.சிஆர்டி.டிஎக்ஸ்டி ஆகிவிடும், எக்ஸ்ப்ளோரர் கடைசி மூன்றெழுத்தை மறைத்துக் காட்டும். எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் எக்ஸ்டென்ஷன்களைக் காட்டச் சொல்லிவிட்டுப் பாருங்கள்.

ஃபோல்டர். லினக்ஸில் ஹோம் ஃபோல்டருக்குள் .போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற மறைவான ஃபோல்டர். விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள் ரோமிங், அதற்குள் போஸ்ட்கிரெஸ்க்யூஎல், இங்கே முன்னால் புள்ளி கிடையாது. லினக்ஸ் வழிகாட்டியைப் பார்த்து விண்டோஸில் புள்ளி வைத்து ஃபோல்டர் உருவாக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

யாருடைய ஹோம்? நீங்கள் உங்கள் பெயரில் லாகின் செய்து ஃபைலை வைத்திருக்கிறீர்கள், ஆப் ஓடுவதோ வேறொரு யூசர் பெயரில். சூடோ போட்டு ஓட்டினால் ரூட்டின் ஹோமில் தேடலாம். உங்கள் பாஷ்ஆர்சியில் எழுதிய சூழல் மாறி சிஸ்டம்டி சர்வீசுக்கும் கிரானுக்கும் போய்ச் சேராது. பிஎஸ்க்யூஎல்லில் வேலை செய்கிறது, ஆப்பில் இல்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஆப் எந்த யூசரில் ஓடுகிறது என்றுதான். பாதிக் கேஸ் அங்கேயே முடிந்துவிடும். அந்த யூசராகவே மாறி பிஎஸ்க்யூஎல்லை ஓட்டிப் பாருங்கள், ஆப்புக்கு வருகிற அதே எரர் உங்களுக்கும் வரும். அல்லது இணைப்பு வரியிலேயே எஸ்எஸ்எல்ரூட்செர்ட் என்று போட்டு ஃபைலின் முழுப் பாதையைக் கொடுத்துவிடுங்கள், ஹோம் பிரச்சினையே இருக்காது.

எது ஜெயிக்கிறது? ஒரே செட்டிங் நாலு இடத்தில் இருக்கலாம். இணைப்பு வரியில் நேரடியாக எழுதியது முதலில். அதில் இல்லாததை சர்வீஸ் ஃபைலில், அதாவது இணைப்பு விவரங்களைப் பெயரிட்டு எழுதி வைக்கும் பிஜி_சர்வீஸ்.கான்ஃபில், பார்க்கும். அங்கேயும் இல்லையென்றால் பிஜிஎஸ்எஸ்எல்மோட் போன்ற சூழல் மாறி. அதுவும் இல்லாவிட்டால் உள்ளே பதிந்திருக்கும் இயல்பு மதிப்பு, எஸ்எஸ்எல்மோடுக்கு அது பிரிஃபர். நீங்கள் சூழல் மாறியை வெரிஃபை-ஃபுல் (சர்டிஃபிகேட்டையும் ஹோஸ்ட் பெயரையும் சரிபார்க்கும் மோட்) என்று வைத்துவிட்டு, இணைப்பு வரியில் யாரோ எப்போதோ எழுதிய ரிக்வயரை விட்டுவைத்தால் ரிக்வயர்தான் நிற்கும்.

சர்வீஸ் ஃபைலில் இடைவெளி. பிஜி_சர்வீஸ்.கான்ஃப் பார்க்க ஐஎன்ஐ ஃபைல் மாதிரியே இருக்கும், அதனால் பழக்கதோஷத்தில் சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு எழுதுவோம்:

[சம்பளம்]
ஹோஸ்ட் = டிபி1.ஆபீஸ்.லோக்கல்
எஸ்எஸ்எல்மோட் = வெரிஃபை-ஃபுல்

இது ஓடாது. சமக்குறிக்கு முன்னால் உள்ள இடைவெளியையும் சேர்த்துச் செட்டிங்கின் பெயராக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு செட்டிங்கே கிடையாது, சிண்டாக்ஸ் எரர் என்று சொல்லிவிடும். ஒட்டி எழுதுங்கள்:

[சம்பளம்]
ஹோஸ்ட்=டிபி1.ஆபீஸ்.லோக்கல்
எஸ்எஸ்எல்மோட்=வெரிஃபை-ஃபுல்

ஓர் அலுவலகத்தில் இதே ஃபைலை யாரோ "அழகாக" வரிசைப்படுத்தி இடைவெளி விட்டு வைத்ததில் சம்பள ஆப் நின்றுபோனது. எல்லாரும் சர்டிஃபிகேட்டைத் துருவிக்கொண்டிருந்தார்கள், காரணம் ஒரு ஸ்பேஸ்.

வேறு லிப்பிக்யூ. பைதானின் சைக்கோபிஜி2-பைனரி தன்னோடு சொந்தமாக ஒரு லிப்பிக்யூவைக் கொண்டுவரும். மெஷினில் லிப்பிக்யூ 16 இருந்தாலும் ஆப் பழையதில் ஓடலாம். அந்த மாட்யூலின் லிப்பிக்யூ_வெர்ஷன் மதிப்பை அச்சிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜாவா. ஜேடிபிசி டிரைவர் லிப்பிக்யூவைத் தொடுவதே இல்லை. பிஜிஎஸ்எஸ்எல்மோட் போன்ற சூழல் மாறிகளை அது மதிக்காது. டிபீவர் மாதிரியான கருவிகளும் இந்த டிரைவரில்தான் ஓடுகின்றன. இணைப்பு யூஆர்எல்லிலோ அந்தக் கருவியின் எஸ்எஸ்எல் டேபிலோதான் எழுத வேண்டும். கிளையன்ட் சர்டிஃபிகேட் பயன்படுத்தினால் சாவியை பெம் வடிவத்தில் கொடுக்காமல் பிகே8 என்ற டிஇஆர் வடிவத்துக்கு ஓப்பன்எஸ்எஸ்எல்லில் மாற்றிக் கொடுங்கள். எஸ்எஸ்எல் சாவியைப் படிக்க முடியவில்லை என்று அது சொல்வதற்கு முதல் காரணம் இதுவே.

அப்புறம், செட்டிங்கை மாற்றியதும் ஆப்பை ரீஸ்டார்ட் செய்தீர்களா? கனெக்‌ஷன் பூலில் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் பழைய செட்டிங்கோடு ஓடிக்கொண்டே இருக்கும்.

## அறிகுறி: ரூட் சர்டிஃபிகேட் ஃபைல் இல்லை என்கிறது

வெரிஃபை-சிஏ (சர்டிஃபிகேட்டை நாம் நம்பும் சிஏ, அதாவது சர்டிஃபிகேட் வழங்கும் நிறுவனம், கொடுத்ததா என்று மட்டும் பார்க்கும் மோட்) அல்லது வெரிஃபை-ஃபுல் போட்ட உடனே வரும் எரர் இது. நல்ல விஷயம் என்னவென்றால் எரரிலேயே முழுப் பாதையும் இருக்கும். அந்தப் பாதையை அப்படியே நகலெடுத்து எல்எஸ் போட்டுப் பாருங்கள். பாதையில் வேறு யூசரின் பெயர் இருந்தால் மேலே சொன்ன ஹோம் கதைதான்.

ஃபைல் இருக்கிறது, ஆனால் படிக்க முடியவில்லை என்றால் உள்ளே திறந்து பாருங்கள். பிகின் சர்டிஃபிகேட் என்று தொடங்கும் வரியின் இரண்டு பக்கமும் ஐந்தைந்து சிறு கோடுகள் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ ஒட்டி அனுப்பினால் அந்தக் கோடுகள் ஒன்றுசேர்ந்து நீளக் கோடாகிவிடும், ஃபைல் செத்துவிடும். சர்டிஃபிகேட்டை ஃபைலாகவே அனுப்பச் சொல்லுங்கள், டெக்ஸ்டாக வேண்டாம்.

சர்வரின் சர்டிஃபிகேட் பொதுவெளியில் எல்லாரும் நம்புகிற நிறுவனம் கொடுத்தது என்றால், உங்கள் லிப்பிக்யூ 16 அல்லது அதற்கு மேல் என்றால், எஸ்எஸ்எல்ரூட்செர்ட்=சிஸ்டம் என்று போட்டால் போதும், தனி ஃபைலே வேண்டாம். இதைப் போட்டால் வெரிஃபை-ஃபுல்லைத் தவிர வேறு பலவீனமான மோடை அது ஏற்காது, அதுவும் நல்லதற்கே.

ஃபைலே உங்களிடம் இல்லை என்றால் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள். சர்வரிடமிருந்து நீங்களே இறக்கி அதையே ரூட்டாக வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். யார் என்றே தெரியாத ஆளிடம் அவருடைய அடையாள அட்டையை வாங்கி அவரையே சரிபார்ப்பது போல அது.

## அறிகுறி: சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்ட்

அதிகம் வருவதும், ஆளை அதிகம் அலையவிடுவதும் இந்த எரர். முதலில் ஒரு கேள்வி: ஒரே மெஷினில் மட்டுமா, எல்லா மெஷினிலுமா?

### ஒரே மெஷினில் மட்டும்

கடிகாரம் பாருங்கள். டேட் என்று அடித்தால் தெரியும். வெர்ச்சுவல் மெஷின் ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுந்தால் நேரம் பின்தங்கியிருக்கும், அதற்கு இந்த சர்டிஃபிகேட் "இன்னும் பிறக்கவில்லை".

கடிகாரம் சரி என்றால் அந்த மெஷினின் ரூட்.சிஆர்டி பழையதா என்று பாருங்கள். வேலை செய்கிற மெஷினின் ஃபைலோடு எம்டி5சம் போட்டு ஒப்பிட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு விசித்திரம் உண்டு. எஸ்எஸ்எல்மோட் ரிக்வயர்தான், அது சரிபார்க்கவே கூடாது, ஆனாலும் இந்த எரர் வருகிறது. இது பிழை அல்ல. இயல்பான இடத்தில் ரூட்.சிஆர்டி என்ற ஃபைல் இருந்தால் ரிக்வயர் தானாகவே வெரிஃபை-சிஏ மாதிரி நடந்துகொள்ளும், பழைய பதிப்புகளோடு ஒத்துப்போவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். வேறொரு டேட்டாபேசுக்காக நீங்கள் நேற்று வைத்த ரூட்.சிஆர்டி, இன்றைக்கு சம்பந்தமே இல்லாத இன்னொரு டேட்டாபேசின் இணைப்பை உடைத்திருக்கும். ஃபைலை அழிக்காதீர்கள். இரண்டு சர்வர்களுக்குமான ரூட் சர்டிஃபிகேட்டுகளை ஒரே ஃபைலில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடலாம், அல்லது ஒவ்வொரு இணைப்புக்கும் எஸ்எஸ்எல்ரூட்செர்ட்டில் தனிப் பாதை கொடுக்கலாம். நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன், எது எதற்கு என்று பின்னால் வருபவருக்குப் புரியும்.

### எல்லா மெஷினிலும்

அப்படியென்றால் சர்வர் பக்கம் ஏதோ மாறியிருக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையன்ட்டை ஸ்டார்ட்டிஎல்எஸ் போஸ்ட்கிரெஸ் என்ற விருப்பத்தோடு, சிஏஃபைலில் உங்கள் ரூட்.சிஆர்டியைக் கொடுத்து, சர்வரின் 5432 போர்ட்டுக்கு ஓட்டுங்கள். ஸ்டார்ட்டிஎல்எஸ் விருப்பத்தை விட்டுவிடாதீர்கள், 17-க்கு முந்தைய போஸ்ட்கிரெஸ் நேரடியாக டிஎல்எஸ் பேசத் தொடங்காது, எதுவும் வராது. வந்த குவியலின் கடைசியில் வெரிஃபை ரிட்டர்ன் கோட் என்று ஓர் எண் இருக்கும், அதை மட்டும் பாருங்கள்.

10 என்றால் காலாவதி. இங்கே அடிக்கடி நடப்பது இது: புது சர்டிஃபிகேட் சர்வரின் டிஸ்கில் வந்துவிட்டது, ஃபைலைத் திறந்து பார்த்தால் தேதி நன்றாக இருக்கிறது, ஆனால் சர்வர் இன்னும் பழையதையே நீட்டிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் யாரும் ரீலோட் செய்யவில்லை. போஸ்ட்கிரெஸ் 10 முதல் ரீலோட் போதும். அதற்கு முந்தையவற்றுக்கு ரீஸ்டார்ட் வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட்டின் வழக்கமான 90 நாள் சர்டிஃபிகேட் வைத்திருப்பவர்கள் புதுப்பிக்கும் ஸ்கிரிப்டின் முடிவில் ரீலோடைச் சேர்க்காவிட்டால் இது மறுபடி மறுபடி வரும்.

18 என்றால் தானே கையெழுத்திட்டுக்கொண்ட சர்டிஃபிகேட். உபுண்டுவிலும் டெபியனிலும் போஸ்ட்கிரெஸை நிறுவும்போதே எஸ்எஸ்எல் ஆன் ஆகிவிடும், ஸ்னேக்ஆயில் என்ற பெயரில் ஒரு தற்காலிக சர்டிஃபிகேட்டோடு. சர்வரைப் புது மெஷினுக்கு மாற்றியவர் பழைய சர்டிஃபிகேட்டை நகர்த்த மறந்திருப்பார். கிளையன்டில் செய்வதற்கு எதுவுமில்லை, அவரிடம் சொல்லுங்கள்.

20 அல்லது 21 என்றால் சங்கிலி அறுந்திருக்கிறது: ஒன்று, உங்களிடம் இருப்பது வேறு ரூட், அல்லது சர்வர் இடைநிலை சர்டிஃபிகேட்டை அனுப்பவில்லை. சர்வரின் சர்டிஃபிகேட் ஃபைலில் முதலில் சர்வருடையது, அடுத்து இடைநிலை என்று வரிசையாக இருக்க வேண்டும். இதையும் சர்வர் பக்கம்தான் சரிசெய்ய வேண்டும், இடைநிலையை உங்கள் ரூட்.சிஆர்டியில் சேர்த்துச் சமாளிக்கலாம் என்றாலும் அடுத்த மாற்றத்தில் மறுபடி உடையும்.

அமேசானின் ஆர்டிஎஸ் டேட்டாபேஸ் சேவையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2019-ஆம் ஆண்டின் சிஏ 2024 ஆகஸ்டில் காலாவதியானது. அதன் பெயரைச் சுமந்த பழைய பெம் ஃபைல் இன்னும் எத்தனையோ ஆப்களின் கன்டெய்னர் இமேஜுக்குள் கிடக்கிறது. அமேசான் தருகிற குளோபல்-பண்டில் ஃபைலை வைத்தால் வணிக ரீஜன்கள் எல்லாவற்றின் புதிய சிஏக்களும் அதில் இருக்கும். பொதுவாகவே சிஏ மாற்றத்துக்கு வரிசை இதுதான்: முதலில் எல்லா கிளையன்டிலும் புது ரூட்டைப் பழையதோடு சேர்த்து வையுங்கள், பிறகு சர்வரை மாற்றுங்கள், எல்லாம் ஓடுகிறது என்று உறுதியானதும் பழையதை எடுங்கள். தலைகீழாகச் செய்தால் ஒரு இரவு தூக்கம் போகும்.

எண் 0 என்று வந்து, பிஎஸ்க்யூஎல் மட்டும் தோற்றால் அது வேறு ரூட் ஃபைலைப் படிக்கிறது. முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள்.

## அறிகுறி: சர்டிஃபிகேட் ஹோஸ்ட் பெயரோடு பொருந்தவில்லை

எரரில் இரண்டு பெயர்கள் இருக்கும்: சர்டிஃபிகேட்டில் உள்ளது, நீங்கள் அடித்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நீங்கள் ஐபி எண்ணை அடித்திருந்தால் பெயரை அடியுங்கள். குறும்பெயர் அடித்திருந்தால் முழுப் பெயர். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் சொந்தமாக வைத்துக்கொண்ட செல்லப்பெயர் என்றால் அது சர்டிஃபிகேட்டில் இருக்க வாய்ப்பில்லை. நட்சத்திரக் குறி போட்ட சர்டிஃபிகேட் என்றால் அந்த நட்சத்திரம் புள்ளியைத் தாண்டாது: *.ஆபீஸ்.லோக்கல் என்பது டிபி1.ஆபீஸ்.லோக்கலுக்குச் சரி, டிபி1.சென்னை.ஆபீஸ்.லோக்கலுக்கு ஆகாது.

பெயர் உங்கள் டிஎன்எஸ்ஸில் இல்லை, அல்லது எஸ்எஸ்ஹெச் டனல் வழியாகப் போகிறீர்கள், அதனால் லோக்கல்ஹோஸ்ட் என்றுதான் அடித்தாக வேண்டும் என்ற நிலையா? இங்கேதான் ரொம்பப் பேர் மோடை வெரிஃபை-சிஏவுக்கு இறக்குகிறார்கள். தேவையே இல்லை. ஹோஸ்ட், ஹோஸ்ட்அட்ர் என்று இரண்டு செட்டிங்குகள் உண்டு. ஹோஸ்டில் சர்டிஃபிகேட்டில் உள்ள பெயரைப் போடுங்கள், ஹோஸ்ட்அட்ரில் உண்மையில் போய்ச் சேரவேண்டிய எண்ணைப் போடுங்கள்:

ஹோஸ்ட்=டிபி1.ஆபீஸ்.லோக்கல் ஹோஸ்ட்அட்ர்=127.0.0.1 போர்ட்=6543 எஸ்எஸ்எல்மோட்=வெரிஃபை-ஃபுல்

இணைவது 127.0.0.1-க்கு, சரிபார்ப்பது பெயரை வைத்து. டனலும் ஓடும், பாதுகாப்பும் குறையாது. எனக்கு லிப்பிக்யூவில் ரொம்பப் பிடித்த விஷயம் இது, தெரிந்தவர்கள் குறைவு.

இதற்கும் சரிப்படவில்லை என்றால் செலவுள்ள வழி ஒன்றே: சர்டிஃபிகேட்டை மறுபடி வாங்குவது. கேட்கும்போது பெயரை மாற்றுப்பெயர் பட்டியலில், அதாவது சான் பகுதியில், சேர்க்கச் சொல்லுங்கள். அங்கே ஒரு டிஎன்எஸ் பெயர் இருந்துவிட்டால் சிஎன் என்ற பழைய புலத்தை யாரும் பார்ப்பதில்லை. ஐபி எண்ணும் வேண்டுமென்றால் ஐபி வகையாகச் சேர்க்கலாம், கிளையன்டின் லிப்பிக்யூ 15 முதல் அதைப் பொருத்திப் பார்க்கும்.

## அறிகுறி: சர்வருக்கு எஸ்எஸ்எல் ஆதரவில்லை என்கிறது

முதலில் போர்ட். 6432 என்றால் நீங்கள் பேசுவது போஸ்ட்கிரெஸோடு அல்ல, இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்க நடுவில் நிற்கும் பிஜிபவுன்சரோடு. அதில் கிளையன்ட் பக்க டிஎல்எஸ் இயல்பாகவே டிசேபிள். கிளையன்ட்_டிஎல்எஸ்_எஸ்எஸ்எல்மோட், அதற்கான சாவி, சர்டிஃபிகேட் மூன்றையும் பிஜிபவுன்சரின் ஐஎன்ஐயில் எழுத வேண்டும். பின்னால் உள்ள போஸ்ட்கிரெஸில் எஸ்எஸ்எல் ஆன் என்று எத்தனை முறை காட்டினாலும் பயனில்லை.

நேரடி இணைப்புதான் என்றால் சர்வரில் ஷோ எஸ்எஸ்எல் என்று கேளுங்கள். ஆஃப் என்று வந்தால் போஸ்ட்கிரெஸின் சொந்த இயல்பு மதிப்பே அதுதான். ஆன் செய்ய சாவியும் சர்டிஃபிகேட்டும் சர்வரில் இருந்தாக வேண்டும், எனவே அது டிபிஏவின், அதாவது டேட்டாபேஸ் நிர்வாகியின், வேலை.

## அறிகுறி: பாஸ்வேர்ட் ஃபைல் இருந்தும் பாஸ்வேர்ட் கேட்கிறது, அல்லது சாவி ஃபைலை மறுக்கிறது

எரருக்கு மேலே ஒரு வார்னிங் ஓடியிருக்கும், கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். குரூப்புக்கோ மற்றவர்களுக்கோ படிக்கும் அனுமதி இருந்தால் லிப்பிக்யூ .பிஜிபாஸ் ஃபைலைப் பார்க்காதது போலக் கடந்துபோய்விடும். சிஹெச்மாட் 600. சாவி ஃபைலுக்கும் அதே. ஃபைல் ரூட் யூசரின் பெயரில் இருந்தால் 0640 வரை ஏற்கும் என்று எரரே சொல்லும். குபர்நெட்டிஸில் சீக்ரெட்டை மவுன்ட் செய்தால் இயல்பாக 0644-இல் வரும், அது செல்லாது, டிஃபால்ட்மோடை மாற்றுங்கள். விண்டோஸுக்குள் டபிள்யூஎஸ்எல் வைத்துக்கொண்டு சி டிரைவில் உள்ள சாவிக்கு சிஹெச்மாட் போட்டால் எடுபடாமல் போகலாம். லினக்ஸ் பக்கத்து ஹோமுக்கு நகலெடுத்துவிட்டுப் போடுங்கள்.

அனுமதி சரி, இன்னும் கேட்கிறது என்றால் வரியைப் பாருங்கள்:

டிபி1.ஆபீஸ்.லோக்கல்:5432:சம்பளம்:கணக்கர்:ரகசியம்

ஹோஸ்ட், போர்ட், டேட்டாபேஸ், யூசர், பாஸ்வேர்ட். ஹோஸ்ட் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், இங்கே பெயரும் இணைப்பில் ஐபியுமாக இருந்தால் பொருந்தாது. பாஸ்வேர்டுக்குள் முக்காற்புள்ளி (:) வந்தால் அதற்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ். மேலிருந்து முதலில் பொருந்தும் வரிதான் எடுக்கப்படும், எனவே நட்சத்திரம் போட்ட பொதுவான வரி மேலே இருந்தால் கீழே உள்ளவை வெறும் அலங்காரம். பிஜிபாஸ்வேர்ட் என்ற சூழல் மாறியில் பழைய பாஸ்வேர்ட் உட்கார்ந்திருந்தால் அது இந்த ஃபைலை முந்திக்கொள்ளும்.

## அறிகுறி: பிஜி_ஹெச்பிஏ.கான்ஃபில் உங்களுக்கு வரி இல்லை என்கிறது

இந்த எரரைப் பார்த்ததும் நேராக டிபிஏவிடம் ஓடி "எங்கள் ஐபியைச் சேருங்கள்" என்று கேட்பது வழக்கம். பொறுங்கள். எரர் இரண்டாக வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எஸ்எஸ்எல்மோட் பிரிஃபர் என்றால் கிளையன்ட் முதலில் எஸ்எஸ்எல்லோடு முயலும், சர்வர் மறுத்தால் எஸ்எஸ்எல் இல்லாமல் இன்னொரு தடவை முயலும். உங்கள் பாஸ்வேர்ட் தவறு என்று வையுங்கள். முதல் முயற்சி பாஸ்வேர்ட் தவறு என்று தோற்கும். இரண்டாவது முயற்சி என்கிரிப்ஷன் இல்லாமல் போவதால், ஹோஸ்ட்எஸ்எஸ்எல் வரிகள் (எஸ்எஸ்எல் இணைப்பை மட்டும் அனுமதிப்பவை) மட்டுமே உள்ள சர்வர் "உங்களுக்கு வரி இல்லை, நோ என்கிரிப்ஷன்" என்று திருப்பிவிடும். கடைசியில் கண்ணில் படுவது இரண்டாவதுதான், பல ஆப்கள் கடைசி வரியை மட்டும்தான் லாகில் எழுதும். ஆளுக்காள் ஃபயர்வால், ஐபி, விபிஎன் என்று தேடிக்கொண்டிருப்பார்கள், உண்மையான காரணம் பாஸ்வேர்ட். எனவே மோடை வெரிஃபை-ஃபுல்லாக அல்லது குறைந்தது ரிக்வயராக வைத்து மறுபடி ஓட்டுங்கள். ஒரே எரர் வரும், அதுதான் நிஜம்.

அப்படியும் வரி இல்லை என்றே வந்தால் எரரில் உள்ள மூன்றையும் படியுங்கள்: ஐபி, யூசர், டேட்டாபேஸ். ஐபி நீங்கள் நினைத்ததா? விபிஎன் மாறினால் அது மாறும். டேட்டாபேஸ் பெயர் கொடுக்காமல் விட்டால் யூசர் பெயரையே டேட்டாபேஸாக எடுத்துக்கொள்ளும், பலருக்கு இதுதான். கடைசியில் நோ என்கிரிப்ஷன் என்று இருந்தால், பழைய சர்வர்களில் எஸ்எஸ்எல் ஆஃப் என்று இருக்கும், கிளையன்ட் எஸ்எஸ்எல் இல்லாமல் போயிருக்கிறது. ஆர்டிஎஸ்ஸில் போஸ்ட்கிரெஸ் 15 முதல் எஸ்எஸ்எல் கட்டாயம் என்பது இயல்பு செட்டிங், 14-லிருந்து அப்கிரேட் செய்த அன்றே பழைய ஆப்கள் விழுவது இதனால்.

மூன்றும் சரி என்றால் இப்போது டிபிஏவிடம் போகலாம். அவருக்கு: வரிகள் மேலிருந்து கீழே பார்க்கப்படும், முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும், ஃபைலை மாற்றியபின் பிஜி_ரீலோட்_கான்ஃப் ஓட்ட வேண்டும், பிஜி_ஹெச்பிஏ_ஃபைல்_ரூல்ஸ் என்ற வியூவில் எரர் நெடுவரிசை காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரீலோட் செய்வது நல்லது.

## அறிகுறி: பாஸ்வேர்ட் சரிதான், ஆனாலும் தவறு என்கிறது, அல்லது ஆதென்டிகேஷன் வகை 10 தெரியாது என்கிறது

வகை 10 என்பது ஸ்க்ராம், எம்டி5-க்குப் பதிலாக வந்த பாஸ்வேர்ட் சரிபார்ப்பு முறை. சர்வர் ஸ்க்ராம் கேட்கிறது, உங்கள் டிரைவருக்கு அது தெரியாது. ஜாவா என்றால் 42.2.0-க்கு முந்தைய டிரைவர், ஜார் ஃபைலை மாற்றினால் முடிந்தது. மற்றவற்றுக்கு லிப்பிக்யூ 10 அல்லது மேல். சர்வரை எம்டி5-க்கு இறக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் 18 எம்டி5 பாஸ்வேர்டுகளைக் கைவிடப்போவதாக எச்சரிக்கவே தொடங்கிவிட்டது.

பாஸ்வேர்ட் தவறு என்றே வந்தால், பழைய சர்வரிலிருந்து டம்ப் எடுத்துப் புதியதில் ஏற்றிய டேட்டாபேஸா என்று கேளுங்கள். யூசரின் பாஸ்வேர்ட் எம்டி5 வடிவில் சேமிக்கப்பட்டிருக்கும், பிஜி_ஹெச்பிஏவில் ஸ்க்ராம் என்று எழுதியிருக்கும், இரண்டும் சேராது. அதே பாஸ்வேர்டையே மறுபடி ஒருமுறை வைத்தால் போதும், புது வடிவில் சேமித்துக்கொள்ளும், 14 முதல் ஸ்க்ராம்தான் இயல்பு. வைப்பதற்கு பிஎஸ்க்யூஎல்லின் பேக்ஸ்லாஷ் பாஸ்வேர்ட் கட்டளையைப் பயன்படுத்துங்கள், ஆல்டர் ரோல் எழுதினால் பாஸ்வேர்ட் வெறும் எழுத்தாக சர்வர் லாகில் பதிந்துவிடக்கூடும்.

## அறிகுறி: எந்த எரரும் இல்லை, எல்லாம் ஓடுகிறது

நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். எதுவும் எழுதாமல் விட்டால் மோட் பிரிஃபர், சர்வர் எஸ்எஸ்எல் தராவிட்டால் சத்தமில்லாமல் திறந்தவெளியில் பேசும். பிஎஸ்க்யூஎல்லில் பேக்ஸ்லாஷ் கான்இன்ஃபோ அடித்தால் உங்கள் இணைப்பில் டிஎல்எஸ் இருக்கிறதா என்று காட்டும். ஆப்களின் இணைப்புகளைப் பார்க்க சர்வரில் பிஜி_ஸ்டாட்_எஸ்எஸ்எல் வியூவை பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியோடு பிஐடி நெடுவரிசையில் சேர்த்துப் பாருங்கள், எஸ்எஸ்எல் ஃபால்ஸ் என்று நிற்கும் ஒவ்வொரு வரியும் ஒரு வேலை. ஆனால் ட்ரூ என்பது என்கிரிப்ட் ஆகிறது என்பதை மட்டுமே சொல்லும், கிளையன்ட் சர்வரைச் சரிபார்த்ததா என்பது அங்கே தெரியாது. அதற்கு ஒரு சோதனை உண்டு: எஸ்எஸ்எல்ரூட்செர்ட்டில் வேண்டுமென்றே சம்பந்தமில்லாத ஒரு சிஏ ஃபைலைக் கொடுத்து ஆப்பைச் சோதனைச் சூழலில் தொடங்குங்கள். தோற்க வேண்டும். தோற்காமல் இணைந்தால் அது எதையும் சரிபார்க்கவில்லை. நோட் நிரல்களில் ரிஜெக்ட்அன்ஆதரைஸ்ட் ஃபால்ஸ் என்று எழுதி வைத்திருந்தால் இப்படித்தான் நடக்கும், அந்த வார்த்தையைக் கோடு முழுவதும் தேடிப் பாருங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

சர்வரின் சர்டிஃபிகேட் காலாவதி, சங்கிலி அறுந்தது, பெயர் சேர்க்க வேண்டும் என்றால் அதை வழங்கியவரிடம். ஷோ எஸ்எஸ்எல் ஆஃப், பிஜி_ஹெச்பிஏ, பாஸ்வேர்ட் வடிவம் என்றால் டிபிஏவிடம். எந்த எரரும் இல்லாமல் டைம்அவுட் மட்டும் ஆனால் அது இந்தக் கதையே அல்ல, நெட்வொர்க் ஆட்களிடம் போங்கள். சர்டிஃபிகேட் தேதியும் சங்கிலியும் சரியாக இருந்து, யாரும் எதையும் மாற்றாத நிலையில் சர்வர் திடீரென்று முன்பின் தெரியாத ஒரு சர்டிஃபிகேட்டை நீட்டினால் எதையும் திருத்த முயலாதீர்கள், இணைப்பை நிறுத்திவிட்டு செக்யூரிட்டி குழுவை அந்த நிமிடமே கூப்பிடுங்கள்.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை: எரரின் எல்லா வரிகளும், ஆப் ஓடும் யூசர் பெயர், லிப்பிக்யூ அல்லது டிரைவர் பதிப்பு, பாஸ்வேர்டை நீக்கிய இணைப்பு வரி, எஸ்_கிளையன்ட் காட்டிய எண். சர்டிஃபிகேட் ஃபைலை அனுப்பலாம், அது ரகசியமில்லை. கீ என்று முடியும் சாவி ஃபைலை யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே மெயிலிலோ சாட்டிலோ போய்விட்டது என்றால் அந்தச் சாவியை ரத்து செய்து புதியது வாங்குவதையும் அதே டிக்கெட்டில் எழுதுங்கள்.